தேவனஹள்ளி அருகே ஊரோடு சேர்ந்த காய்கறித் தோட்டம்: புரட்டாசியில் தொடங்கினால் எதை விதைக்கலாம்?

கேள்வி: நந்திமலைச் சாரல் (செப்டம்பர் 24)

அனைவருக்கும் வணக்கம். தேவனஹள்ளிக்கும் விஜயபுராவுக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்தை ஒட்டிய லேஅவுட்டில் நாங்கள் வசிக்கிறோம். 2008-இல் விமான நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து திராட்சைத் தோட்டங்களும் ராகி நிலங்களும் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருக்கும் பகுதி இது. லேஅவுட்டில் குடியிருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓசூர், சேலம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தினர். கிராமத்து மக்களோ பசு வளர்ப்பு, மல்பெரி, ராகி ஆகியவற்றை நம்பி வாழ்பவர்கள்.

எங்கள் லேஅவுட்டின் கிழக்கு ஓரத்தில் சி.ஏ. சைட் என்று, அதாவது பொது வசதிகளுக்கென, ஒதுக்கப்பட்டு, இதுவரை எந்தக் கட்டடமும் எழுப்பப்படாத ஓர் இடம் இருக்கிறது. அதன் பரப்பு, ஏறத்தாழ இரண்டு முப்பதுக்கு நாற்பது அடி மனைகளின் அளவு இருக்கும். அங்கே ஒரு பொதுக் காய்கறித் தோட்டம் போடலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தபோது, தோட்டத்தை லேஅவுட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் கிராமத்தவரையும் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று சிலர் விரும்பினோம். ஆனால் கிராமத்துப் பசுக்கள் நெடுங்காலமாக அந்த இடத்தில்தான் மேய்ந்து வருகின்றன. இதற்கு முன்பு எங்கள் பூங்காவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டபோது ஏற்பட்ட மனக்கசப்பும் இன்னும் முழுமையாக ஆறவில்லை.

ஆகவே இரண்டு வகையான ஆலோசனை வேண்டுகிறேன். புரட்டாசி முதல் கார்த்திகை வரையிலான இந்தப் பருவத்தில் பெங்களூரின் வடபகுதிச் செம்மண்ணில் எவற்றை விதைக்கலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும், எருவும் தண்ணீரும் எங்கிருந்து கிடைக்கும் என்பது ஒன்று. வேலியும் விரோதமும் இல்லாமல் ஊரோடு சேர்ந்து இதை எப்படி நடத்துவது என்பது மற்றொன்று. எங்களில் பெரும்பாலானோர் மாடித் தொட்டிகளில் வளர்த்துப் பழகியவர்கள். நிலத்தில் இறங்கி வேலை செய்து பழக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே.


பதில்: ஹொசகோட்டை வரப்பு

அம்மா, முதலில் மழையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற எல்லா முடிவுகளும் அதைச் சார்ந்தவை. பெங்களூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு பெரிய பங்கு செப்டம்பரிலும் அக்டோபரிலும் கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையின் கடைசிக்கட்டம் முடிவதற்குள் அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுவதால், மாலை இடிமழை நவம்பர் நடுப்பகுதி வரை விட்டுவிட்டு வரும். அதன் பிறகு வானம் தெளிந்து, இரவுப் பனி இறங்கி, பகல் வெயில் இதமாகிவிடும். தோட்டத்துக்கு நல்ல காலம் என்றால் அதுதான். அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை மண்ணைத் தயார் செய்வதும், மழைக்கு அஞ்சாத சில பயிர்களை மட்டும் போடுவதும்தான்.

செம்மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. கடும் மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் மேற்பரப்பு தோல்போல் இறுகிவிடும். அதைப் பிளந்துகொண்டு மேலே வரச் சிறு விதைகளின் முளைக்குத் தெம்பு போதாது. முள்ளங்கி விதை ஓரளவு தாக்குப்பிடிக்கும். கேரட்டும் கொத்தமல்லியும் தோற்றுவிடும். எனவே அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுங்கள். விதையை மண்ணால் மூடாமல், சலித்த மக்கிய எருவால் மெல்லியதாக மூடுங்கள். இப்போதைக்கு முள்ளங்கி, தண்டுக்கீரை, நூல்கோல் நாற்று, செடி பீன்ஸ் ஆகியவை போதும். வெந்தயம், கொத்தமல்லி, இங்கே சப்சிகே என்று விற்கும் சதகுப்பைக் கீரை, கேரட், பீட்ரூட் ஆகியவற்றைத் தீபாவளி மழை ஓய்ந்த பிறகு தூவுங்கள். கத்தரியும் மிளகாயும் இப்போதே நாற்றங்காலில் இருந்தால் ஐப்பசிக் கடைசியில் நடலாம்.

தக்காளியை இப்போது நட வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா ரக்ஷக் என்னும் கலப்பின ரகம் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரிய வாடல், முன்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் திறன் கொண்டது. ஆனால் அக்டோபர், நவம்பரில் ஈரமும் குளிரும் ஒன்றாகச் சேரும்போது வரும் பின்கருகல் நோய் வேறு. அது வந்தால் இலையும் காயும் ஒரே வாரத்தில் கருகிவிடும். மருந்தடித்துத்தான் தக்காளி விளைவிக்க வேண்டும் என்றால், அது பொதுத் தோட்டத்தில் முதல் ஆண்டு செய்யும் வேலை அன்று.

உங்கள் ஊரைச் சுற்றியுள்ள ராகி வயல்களை ஒருமுறை நடந்து பாருங்கள். ராகி வரிசைகளுக்கு நடுவே சில அடிகள் விட்டு அவரையும், கடுகும், ஆமணக்கும், தருமபுரிப் பக்கம் பேயெள்ளு எனப்படும் உச்செள்ளும் தனித்தனிச் சால்களாக நிற்கும். இங்குள்ளவர்கள் இதை அக்கடி சாலு என்கிறார்கள். ஒரே மழையை நம்பிப் பல பயிர்களைப் பிரித்து வைக்கும் இந்த முறையை உங்கள் சிறிய இடத்திலும் பின்பற்றலாம். கீரை விஷயத்தில் மட்டும், ஊரில் திகளர் குடும்பம் யாராவது இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். பெங்களூர்க் கரகத் திருவிழாவை நடத்தும் அந்தச் சமூகத்தவர் தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள்; அவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழும் கலந்திருப்பதால் உங்களுக்கு மொழியும் தடையாக இராது.


பதில்: விஜயபுரா மருமகள்

அக்கா, வரப்பு ஐயா பயிரைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். நான் திருமணமாகி வந்த வீடு பட்டுப்புழு வளர்க்கும் வீடு என்பதால், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் தோட்டத்துக்கு அருகில் மல்பெரி வயல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தப் பூச்சிமருந்தையும், அது கடையில் வாங்கியதாக இருந்தாலும் வீட்டில் காய்ச்சியதாக இருந்தாலும், அந்த வயலுக்குரியவரிடம் கேட்காமல் தெளிக்காதீர்கள். காற்றில் மிதந்து சென்று இலைமேல் படியும் சிறிதளவு மருந்தே ஒரு புழுவளர்ப்பு மனையிலுள்ள புழுக்களையெல்லாம் சாகடிக்கப் போதுமானது. இயற்கை முறை என்று நம்பிப் பலர் தெளிக்கும் புகையிலைக் கஷாயம் பட்டுப்புழுவுக்குக் கொடிய நஞ்சு. வேப்பெண்ணெயும் பாதுகாப்பானதன்று, அது பட்ட இலையைச் சில நாட்கள் கழித்தே புழுவுக்குப் போட முடியும்.

உங்கள் லேஅவுட்டில் டெங்குவுக்காகப் புகைமருந்து அடிக்கிறீர்களா? மழைக்குப் பிறகு கொசு பெருகும் இந்த இரண்டு மாதங்களில்தான் எல்லா லேஅவுட்களிலும் மாலையில் அந்த வண்டி சுற்றுகிறது. கொசுவர்த்திச் சுருள்கூட எங்கள் புழுமனைக்குள் ஏற்றப்படுவதில்லை. புழு நான்காம் தோலுரித்து ஐந்தாம் பருவத்தில் இலையை அள்ளித் தின்னும் நாட்களில் புகை வந்து படர்ந்தால், ஏறத்தாழ ஒரு மாத உழைப்பும் முட்டைக்குக் கொடுத்த பணமும் ஒரே மாலையில் போய்விடும். உங்கள் ஊரில் பூங்காவின் கம்பிவேலி மட்டும்தான் மனக்கசப்புக்குக் காரணமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. புகையடிக்கும் நாளை முன்கூட்டியே பால் டெய்ரியில் சொல்லிவிட்டு, மல்பெரி வயல்களின் பக்கம் வண்டியை ஓட்டாமல் இருந்தாலே பாதிப் பேச்சுவார்த்தை முடிந்ததாகக் கொள்ளலாம்.

எருவைப் பற்றி: ஒவ்வொரு வீட்டுக்கும் ஊரோரத்தில் ஒரு எருக்குழி உண்டு. அதில் மக்கியதைச் சித்திரை, வைகாசியில், ராகி உழவுக்கு முன் வயலுக்கு ஏற்றிவிடுவார்கள். ஆகையால் புரட்டாசியில் நீங்கள் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் புதுச் சாணமே. அதை அப்படியே பாத்தியில் போட்டால் வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் களைவிதையும் சேர்ந்தே வரும். இந்த ஆண்டுக்கு மண்புழு உரமும் வேப்பம்பிண்ணாக்கு அல்லது புங்கம்பிண்ணாக்கும் வாங்கிச் சமாளியுங்கள்; அடுத்த ஆண்டுக்கான எருவுக்கு இப்போதே ஒரு வீட்டாரிடம் பேசி விலை முடித்து வையுங்கள். பட்டுப்புழு எச்சமும் தின்று மிஞ்சிய மல்பெரித் தண்டும் மிக நல்ல எரு, ஆனால் அவற்றை மூன்று நான்கு மாதமாவது குழியில் மக்கவைக்க வேண்டும்.

வரப்பு ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று, பாத்தி மண்ணைத் தழையால் மூடிவைக்கும் மூடாக்கு. மார்கழி நெருங்கும்போது ராகித் தாள் குவிந்து கிடப்பதைப் பார்த்து யாரும் அதை மூடாக்குக்குக் கேட்டுவிட வேண்டாம். அது கோடை முழுவதும் மாட்டுக்கு வேண்டிய தீவனம். தோட்டத்தில் பரப்பி மக்கவிடப் போகிறோம் என்று சொன்னால் முகத்துக்கு நேரே சிரிக்காவிட்டாலும் பின்னால் சிரிப்பார்கள். அதற்குப் பதிலாக, விதை முற்றுவதற்கு முன் அறுத்த புல்லும், வரப்புகளில் நிற்கும் கிளைரிசிடியா, புங்கை ஆகியவற்றின் தழையும் போதும்.


பதில்: எல்லைக்கல்

தோட்ட ஆலோசனைகள் நடுவே நிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் சாலை, பூங்கா, சி.ஏ. சைட் ஆகியவை உள்ளாட்சியிடமோ திட்ட ஆணையத்திடமோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அந்த இடம் சங்கத்தின் சொத்தன்று; தோட்டம் போடுவதற்கும் எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. கிராம பஞ்சாயத்து எல்லைக்குள் இருந்தால் பஞ்சாயத்து வளர்ச்சி அலுவலரிடம், அதாவது பி.டி.ஓ.விடம், தற்காலிகப் பயன்பாடு என்றும், கட்டடமோ நிரந்தர வேலியோ எழுப்பமாட்டோம் என்றும் குறிப்பிட்டு விண்ணப்பம் கொடுங்கள்.

அதைவிட முக்கியமானது, பசுக்கள் மேய்வது சி.ஏ. சைட்டில் மட்டுமா, அதை ஒட்டிய கோமாளத்திலுமா என்பது. கோமாளம் என்பது 1964-ஆம் ஆண்டு கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின்கீழ் கால்நடை மேய்ச்சலுக்கென ஒதுக்கப்பட்ட அரசு நிலம். லேஅவுட் எல்லைக் கற்கள் சில இடங்களில் அதற்குள் நகர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அரசின் பூமி இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் பஹணி எனப்படும் நிலப் பதிவேட்டைப் பார்த்துவிடலாம். ஒரு பாத்தி கோமாளத்துக்குள் சென்றாலும், ஊரார் உங்களை நிலம் பிடிக்க வந்தவர்கள் என்று நினைப்பதில் தவறில்லை.


நந்திமலைச் சாரல் (செப்டம்பர் 27)

மூவருக்கும் மிக்க நன்றி. பஹணியைப் பார்த்தோம், எங்கள் இடம் கோமாளத்துக்கு வெளியே இருக்கிறது, ஆனால் மாடுகள் கோமாளத்துக்குப் போகும் வழி அதன் குறுக்கே செல்கிறது. மல்பெரி வயல் தெற்கே, ஒரு சாலையின் அகலம் தள்ளி இருக்கிறது. புகைமருந்து பற்றி விஜயபுரா மருமகள் எழுதியதைச் சங்கத்தின் கூட்டத்தில் வாசித்தபோது பலருக்கும் அது புதிய செய்தியாக இருந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நாட்டு அவரையை இப்போது போட்டால் காய்க்குமா, காய்க்காதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. தண்ணீரைப் பொறுத்தவரை, எங்கள் ஆழ்குழாய்க் கிணறு ஆயிரம் அடிக்கும் கீழே போய்விட்டதால், தோட்டத்துக்கென்று அதிலிருந்து எடுக்கச் சங்கம் தயங்குகிறது. அருகிலுள்ள ஏரியில், பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீரை ஏரிகளில் நிரப்பும் ஹெப்பாள்–நாகவாரா திட்டத்தின் நீர் வருகிறது, அதைப் பயன்படுத்தலாமா?


பதில்: ஹொசகோட்டை வரப்பு

அவரையைப் பற்றி முதலில் எழுதுகிறேன். நாம் மொச்சை என்று வாங்கும் இந்த நாட்டு அவரை, பகல் குறுகினால்தான் பூக்கும் பயிர். பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரந்தான். ஆனால் அந்தச் சிறு வேறுபாட்டைக்கூட இந்தச் செடி உணர்ந்துகொள்கிறது. ஆடியில் விதைத்தது ஐப்பசி வரை கொடியும் இலையுமாகப் பெருகி, பிறகு பூத்து, கார்த்திகை முதல் தை வரை காய்க்கும். புரட்டாசிக் கடைசியில் விதைத்தாலோ, உடல் வளர்வதற்கு முன்பே பூக்கும் காலம் வந்துவிடுகிறது. குட்டைச் செடியில் நாலு காய்தான் கிடைக்கும்.

எனவே இவ்வாண்டு பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகத்தைப் போடுங்கள். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஹெப்பாள் அவரை வரிசையும், ஹெசரகட்டா நிறுவனத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் ரகங்களும் அத்தகையவை. குட்டையாகவே நின்று, எந்தப் பருவத்தில் போட்டாலும் ஏறத்தாழ மூன்று மாதத்தில் முடிந்துவிடும், பந்தலும் வேண்டியதில்லை. ஹெசரகட்டாவின் விதைகளை இணையவழியிலேயே வாங்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கிருஷி மேளாவும் உங்கள் பக்கத்திலிருந்து எட்டும் தூரந்தான். விதைக்காக இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.


பதில்: பிதுக்குப்பருப்பு

வரப்பு ஐயா அவர்களோடு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தாமதமாகப் போட்ட நாட்டு அவரை குட்டையாக நிற்கும் என்பது உண்மை; அதனாலேயே அதை நெருக்கி நடலாம் என்பதும் உண்மை. ஆடியில் மூன்றடி இடைவெளி விடும் இடத்தில் இப்போது ஓரடி விட்டால் போதும். செடிக்குக் குறைவாகக் காய்த்தாலும் பாத்திக்குக் கிடைப்பது மோசமில்லை. நாங்கள் ஆனேகல் பக்கத்தில் தாமதமான ஆண்டுகளில் இப்படித்தான் செய்கிறோம். குட்டை ரகங்களில் விளைச்சல் கூடுதல் என்பதை மறுக்கவில்லை, ஆனால் பனி இறங்கிய காலையில் பறிக்கும் நாட்டுக் காயின் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த வாசமும்தான் பெங்களூரில் அவரைக்காய்க்கு இத்தனை மரியாதையைத் தேடித் தந்தவை. வாசம் இல்லாத காயை உங்கள் கிராமத்து அஜ்ஜிகளிடம் (பாட்டிகளிடம்) கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த முறை கேட்கமாட்டார்கள். பாதிப் பாத்தியில் அதையும் பாதியில் இதையும் போடுவது என் பரிந்துரை.

விதையைக் கிராமத்திலேயே கேளுங்கள். கடந்த தையில் எடுத்துச் சாம்பல் கலந்து வைத்த விதை ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். விலை கொடுக்க முன்வராமல், விளைந்ததும் இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி வாங்குங்கள். அந்த வழக்கம் அவர்களுக்கும் தெரிந்ததே.

தண்ணீர் விஷயத்தில், இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு மட்டும் செய்த கழிவுநீர் அந்த ஏரிகளில் விடப்படுகிறது. அதை ஏரியில் நிரப்புவதன் நோக்கம் நிலத்தடி நீரை உயர்த்துவது. நேரடியாகக் குழாய் போட்டு எடுக்க அனுமதி இல்லை என்பதோடு, பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கும் முள்ளங்கிக்கும் அதை ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். கணக்குப் பார்த்தால் உங்களுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையும் இல்லை. நவம்பர், டிசம்பரில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் போதும்; நூறு சதுர மீட்டர் பாத்திக்கு முந்நூறு, நானூறு லிட்டர். மூடாக்கு இருந்தால் அதிலும் குறையும். இப்போது பெய்யும் மழையை இரண்டு மூன்று வீடுகளின் கூரையிலிருந்து தொட்டிகளில் பிடித்து, காய்கறி கழுவிய நீரையும் சேர்த்துக்கொண்டால் மார்கழி வரை பெரும்பாலும் சமாளிக்கலாம்.

யாரும் இதுவரை நத்தையைப் பற்றிச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் பெங்களூர்த் தோட்டங்களை ஓர் இரவில் மொட்டையடித்துவிடும் பெரிய ஆப்பிரிக்க நத்தை உங்கள் பக்கமும் இருக்கும். மாலையில் ஈரச் சாக்கை விரித்து, அதன்கீழ் பப்பாளி இலையையோ முட்டைக்கோசு இலையையோ வையுங்கள். காலையில் அங்கே கூடியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கி உப்புநீர் வாளியில் போடுங்கள். நோய்க்கிருமி தொற்றக்கூடும் என்பதால் குழந்தைகளை வெறுங்கையால் தொடவிடாதீர்கள்; கீரையையும் நன்றாகக் கழுவுங்கள். நத்தைக்கென்று கடையில் விற்கும் குருணை மருந்து நாய்க்கும் மாட்டுக்கும் நஞ்சு. மாடுகள் நடக்கும் வழியில் அதைப் போட்டால், எல்லைக்கல் அவர்கள் சொன்ன அனுமதிக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது.


பதில்: விஜயபுரா மருமகள்

மாட்டுவழியைப் பற்றிப் படித்ததும் மீண்டும் எழுதத் தோன்றியது. அந்த வழியை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். மாடு பழகிய தடத்தை விடாது, மாட்டுக்காரரும் விடமாட்டார். தடத்தை அப்படியே விட்டு, அதன் இருபுறமும் தோட்டத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். தடத்தின் ஓரங்களில் கிளைரிசிடியாக் குச்சிகளை நெருக்கமாக இப்போதே ஊன்றினால் இந்த ஈரத்தில் வேர் பிடித்துவிடும்; அடுத்த ஆண்டுக்குள் உயிர்வேலி தயார், தழையும் கிடைக்கும். அதுவரைக்கும் முள்கிளைகளை அடைத்துச் சமாளியுங்கள். தோட்டத்தில் பிடுங்கும் களையையும் முள்ளங்கி இலையையும் வெளியே போடாமல் மாட்டுக்குக் கொடுக்கலாம். பாத்தி ஓரத்தில் நேப்பியர் புல்லையும் வைத்துவிட்டால், நீங்கள் இழக்கச்செய்த மேய்ச்சலில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுத்ததாக ஆகும்.

யாரிடம் பேசுவது என்று தயங்குகிறீர்கள் என்றால், காலை ஆறரைக்கும் மாலை ஆறு மணிக்கும் பால் டெய்ரிக்குப் போங்கள். ஊரில் மாடு வைத்திருக்கும் அத்தனை வீட்டாரும் அங்கே வரிசையில் நிற்பார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டு அழைத்தால் ஆண்கள் சிலர் மட்டும் வருவார்கள். டெய்ரியில் பெண்களையும் பார்க்கலாம். தோட்டத்தில் உண்மையில் வேலை தெரிந்தவர்கள் அவர்களே. போகும்போது திட்டத்தைத் தீட்டிக்கொண்டு போகாமல், என்ன போடலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பண்டிகைகள் இதற்குத் துணைசெய்யும். நவராத்திரிக்கு உங்களில் கொலு வைக்கும் வீடுகள் கிராமத்துப் பெண்களையும் வெற்றிலை பாக்குக்கு அழைக்கலாம். இங்கும் பொம்பே என்று பொம்மைகளை வைக்கும் வழக்கம் இருப்பதால் அவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஆயுதபூசையன்று மண்வெட்டி, கடப்பாரைகளைக் கழுவிப் பொட்டு வைத்து, மறுநாள் விஜயதசமியில் முதல் பாத்தியைத் தொடங்குங்கள். அன்றே இன்னொரு வேலையையும் செய்யலாம். பூசை முடிந்த மறுநாள் பெங்களூர் முழுவதும் தெருவில் உடைந்த சாம்பல் பூசணியும், வாழைக்கன்றும், மாவிலையும், செவ்வந்தி மாலையும் மலைமலையாகக் கிடக்கும். நூலையும் காசையும் எடுத்துவிட்டு, வாழைத்தண்டைத் துண்டுதுண்டாக வெட்டி, சாணக்கரைசல் தெளித்து அடுக்கினால், நீங்கள் எருவுக்குத் தவிக்கும் ஆண்டில் ஒரு நல்ல மக்குக்குவியல் இலவசமாகவே அமைந்துவிடும். தைக்குள் அது பாதிக்கு மேல் மக்கிவிடும்.

கன்னடக் கார்த்திக மாத வளர்பிறைத் துவாதசியில் இங்கே துளசி ஹப்பம் என்னும் பண்டிகை. துளசி மாடத்தில் காயோடு கூடிய நெல்லிக் கிளையை நட்டு வழிபடுவார்கள், அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கிளை வேண்டியிருக்கும். தோட்டத்தின் வடமேற்கு மூலையில் ஒரு பெருநெல்லிக் கன்றை இப்போதே நடச் சொல்வேன். ஒட்டுக்கன்றாக இருந்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். தேவனஹள்ளிக்குப் புவிசார் குறியீடு பெற்றுத் தந்த சக்கோத்தா (பம்பளிமாஸ்) மரமும் ஒன்று இருந்தால் நல்லது. அந்தத் தோட்டங்கள் மனைகளாகிவிட்டதால் கன்று தருபவர்கள் குறைந்துவருகிறார்கள்.


பதில்: பிதுக்குப்பருப்பு

பங்கீட்டைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். விளைந்ததை எடைபோட்டுச் சமமாகப் பிரிக்கும் முறையைத் தொடங்காதீர்கள். வேலைக்கு வராதவருக்கும் வந்தவருக்கும் ஒரே எடை என்று ஆனதும் மூன்றாம் வாரத்தில் சண்டை வரும். அன்றன்று பறிக்க வந்தவர்கள் அன்றைய சமையலுக்கு எடுத்துக்கொள்வது, மிஞ்சியதை டெய்ரி வாசலில் வைத்துவிடுவது என்ற ஏற்பாடு எளியது. அவரைக்காய் மட்டும் விதிவிலக்கு. அது ஒரே சமயத்தில் நிறைய வரும், உரிப்பதற்கும் கை வேண்டும். அரசமரத்து மேடையிலோ கோயில் திண்ணையிலோ உட்கார்ந்து சேர்ந்து உரித்து, ஊறவைத்து, பிதுக்கி, ஒரே அடுப்பில் குழம்பு வைத்துவிடுங்கள். சேலம், வேலூர்க்காரர்கள் வைக்கும் பிதுக்குப் பருப்புக் குழம்புக்கும் இங்கு ஹிதகபேளே சாரு என்று வைப்பதற்கும் மசாலாவில்தான் வேறுபாடு. எது மேல் என்ற வழக்கை அங்கேயே நடத்திக்கொள்ளலாம்.

விதைக்கென்று ஒரு வரிசையைப் பறிக்காமல் முற்றவிடுவதை மறவாதீர்கள். வாங்கிய விதையை இரட்டிப்பாகத் திருப்பித் தர அது வேண்டும். தையில் காய்ந்த நெற்றைச் செடியிலேயே விட்டுவைத்தால் அவரை வண்டு துளைத்துவிடும். பழுப்பானதும் பறித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ராகி வீட்டிலிருந்தே கேட்டு வாங்கிய சாம்பலில் புரட்டி மண்பானையில் வையுங்கள்.